சுழியத்துக்குக் கீழே முப்பத்தொன்று

இரவு இரண்டரைக்கு வண்டியை எடுப்பேன்.
கூமோவிலிருந்து எல்லை வரை
அறுபது கிலோமீட்டர்.
விழுந்த பனியையெல்லாம் ஓரத்துக்குத் தள்ள வேண்டும்.
திரும்பி வரும்போது
தள்ளிய இடத்தில் மறுபடி விழுந்திருக்கும்.
இதற்குத்தான் சம்பளம்.

வேலை முடிந்ததும்
யாரும் தள்ளாத பனியைப் பார்க்கப் போவேன்.
இதற்குச் சம்பளம் இல்லை.
ரைலி சிரிப்பாள்:
"மிட்டாய்க்கடைக்காரன் கடையைப் பூட்டிவிட்டுச்
சர்க்கரை தின்னப் போகிறான்."

இந்தக் குளிர்காலம் மட்டும் ஒன்றும் வரவில்லை.
நவம்பரில் நின்றது.
கேமரா கழுத்தில் இருந்தது. கண் எங்கோ.
பிர்ச் மரம் பிர்ச் மரமாக மட்டும் நின்றது.
சூரியன் பத்து மணிக்குக் கடனே என்று எழுந்து
இரண்டு மணிக்குப் படுத்துக்கொண்டது.
நூலகச் சுவருக்குப் பன்னிரண்டு படம் கேட்டிருந்த மார்கெத்தா
வழியில் பார்த்தால்
வானிலையைப் பற்றி மட்டும் பேசினாள்.
நல்ல பெண். அதுதான் வலித்தது.

பழைய படங்களைப் புரட்டினேன்.
ஆந்தை. நரி. மறுபடி ஆந்தை.
எல்லாம் நன்றாகத்தான் இருந்தன,
பல் மருத்துவர் அறையில் மாட்டுவதற்கு.

ஜனவரி பதினேழு.
சுழியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
பேட்டரி இரண்டை அக்குளில் இடுக்கியிருந்தேன்,
காய்ச்சல் பார்ப்பவனைப் போல.
மூச்சு விட்டால் கண்ணாடியில் உறையும்.
ஆகவே பார்க்கும்போது மூச்சு விடக் கூடாது,
மூச்சு விடும்போது பார்க்கக் கூடாது.
கையுறையைக் கழற்றி உலோகத்தைத் தொட்டேன்.
விரல்நுனித் தோல் ஒரு சிட்டிகை
கேமராவுக்குப் போயிற்று.

சதுப்பின் ஓரம்.
பனியில் ஒரு சின்னக் குழி, தூர்ந்து மூடியிருந்தது.
கறுப்புக் காட்டுச்சேவல்
மேலிருந்து தலைகுப்புறப் பாய்ந்து
உள்ளுக்குள் சுரங்கம் பறித்துப் படுத்துக்கொள்ளும்.
வெளியே முப்பத்தொன்று.
உள்ளே, அதன் உடம்புச் சூட்டில், ஏறக்குறைய சுழியம்.
அதற்கு அது போதும்.

முக்காலியை நட்டேன். குழியைக் குறிவைத்தேன்.
ஒரு மணி நேரம்.
கால்விரல்கள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போயின.
பிறகு நடந்தது என் முதுகுக்குப் பின்னால்:

பனி வெடித்தது.
ஒரு கறுப்பு, வாலடியில் ஒரு வெள்ளை,
காற்றை அறையும் சத்தம்,
என் கழுத்துக்குள் ஒரு கைப்பிடிப் பனி.

அது நுழைந்த வாசலில் நான் காத்திருந்தேன்.
வெளியேற அது வேறு கூரையைப் பிய்த்துக்கொண்டது.
நான் திரும்பி முடிப்பதற்குள்
மரங்கள் அதை வைத்துக்கொண்டன.

படம் எடுத்தேன் என்கிறோம். படம் பிடித்தேன் என்கிறோம்.
முப்பது வருஷமாக நானும் சொல்லி வருகிறேன்.
எதை எடுத்தேன்?
யாரைப் பிடித்தேன்?

மண்டியிட்டுப் பார்த்தேன்.
புதுக் குழி. இரு பக்கமும்
இறகு ஒவ்வொன்றும் தனித்தனியே அழுந்திய தடம்,
விரித்து வைத்த விசிறியாக.
அடியில் எச்சம், ஒரு பிடி. இன்னும் ஆவி வந்தது.
நீண்ட இரவு முழுக்க
அது அங்கே எதுவும் செய்யவில்லை.
கிடந்தது. செரித்தது. சூடாக இருந்தது.

அக்குளிலிருந்து பேட்டரியை எடுத்துப் போட்டேன்.
மூன்று தடவை அழுத்தினேன்.
நான்காவதில் அது செத்தது.

சுவரில் ஒன்றுதான் மாட்டினோம்.
பதினோரு ஆணிகள் சும்மா இருந்தன.
மார்கெத்தா அவற்றைப் பிடுங்கவில்லை.
ஒரு பையன், எட்டு வயது இருக்கும்,
மூக்கு படுமளவு நெருங்கி நின்று கேட்டான்:
"பறவை எங்கே?"
"போய்விட்டது."
"நீங்க பார்த்தீங்களா?"
"முதுகால்."
யோசித்தான்.
பிறகு விரல் வைத்து
எச்சத்தை எண்ண ஆரம்பித்தான்.

இப்போதும் இரண்டரைக்கு வண்டி எடுக்கிறேன்.
சதுப்பு வளைவு வரும்போது
கியரைக் குறைக்கிறேன்,
தகடு எறியும் பனி
அவ்வளவு தூரம் போய் விழாதபடி.
நாலு நிமிடம் தாமதம்.
பதிவேட்டில், காரணம் என்ற கட்டத்தில்,
"வழுக்கல்" என்று எழுதுகிறேன்.