எண்பத்தெட்டில் கொதிக்கிறது

விற்ற எலோய் சத்தியம் செய்தான்:
"குறை என்று எதுவும் இல்லை.
காலையில் கொஞ்சம் கெஞ்ச வேண்டும்,
மதியம் கொஞ்சம் நிறுத்த வேண்டும்."
நானும் ப்ரிமிதீவாவும்
ஓர் அறுவடைக் கினோவாவின் காசை எண்ணிக் கொடுத்தோம்.
மீதி அடுத்த அறுவடையில்.
கெஞ்சலுக்கும் நிறுத்தத்துக்கும் இடைப்பட்ட
அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான்
அவ்வளவு பணம் என்று
அப்போது உறைக்கவில்லை.

ஜப்பானில் மீன் ஏற்றிய வண்டி.
வலப்பக்கம் இருந்த ஸ்டியரிங்கை
துறைமுகத்தில் யாரோ இடப்பக்கம் மாற்றியிருந்தார்கள்.
பழைய இடத்தில் ஓர் ஓட்டை,
அதை அடைத்த பிஸ்கட் அட்டை.
கதவில் எங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து.
ஹீட்டர் போட்டால்
நாங்கள் பார்த்தேயிராத கடல் நாறும்.

விடியலில் மைனஸ் பதினாலு.
குளோ பிளக் விளக்கு அணைய இருபது எண்ணுவோம்,
நம்பிக்கைக்கு இன்னொரு இருபது.
செல்ஃப் சுற்றும், சுற்றும்,
பேட்டரி இருமிவிட்டுப் படுக்கும்.
புகைகூட வராது.
புகை வராவிட்டால்
டீசலே போய்ச் சேரவில்லை.
யாரும் சொல்லித் தரவில்லை;
நாலு காலை வெறும் குழாயை
வெறித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.
கைப்பம்பை அமுக்கினால்
முப்பதாவது அமுக்கில்தான் கெட்டிப்படும்.
கூலி பாக்கி வைத்த வீட்டிலிருந்து
ஆள் நழுவுகிற மாதிரி
ராத்திரியோடு ராத்திரியாக டீசல்
டாங்குக்கே திரும்பிவிடுகிறது.

மதியம் வேறு கதை.
சலினாஸ் ஏற்றத்தில் ரேடியேட்டர் சீறும்,
முள்ளோ பாதியைத் தாண்டாது.
முள் பொய் சொல்கிறது என்றாள் ப்ரிமிதீவா.
தெர்மோஸ்டாட் மாற்றினோம். சீறியது.
தண்ணீர் பம்ப் மாற்றினோம்.
புதுப் பம்போடு சீறியது.
ஒருரோவில் டான் செனோன்
கேபினைச் சாய்த்துப் பார்க்காமலே சொன்னார்:
ஹெட் கேஸ்கெட். மூவாயிரம் பொலிவியானோ.
சொல்லிவிட்டு எங்களைத் தாண்டி
ஆண்பிள்ளை யாராவது வந்திருக்கிறார்களா என்று
வாசலைப் பார்த்தார்.

ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன்.
கறுப்பு. பால் கலந்த வெளுப்பு இல்லை.
அடுத்த சீறலில்,
ஆறும்வரை காத்திராமல்
(செய்யக் கூடாது, மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது)
மூடியைத் திறந்து,
ப்ரிமிதீவா பாலாடைக்கட்டிக்கு வைத்திருக்கும்
வெப்பமானியை உள்ளே விட்டேன்.
எண்பத்தெட்டு.
முள் பொய் சொல்லவில்லை.

அன்று இரவு குக்கரில் பட்டாணி வேகவில்லை.
வெயிட்டின் துளையில் உமி சிக்கி
ஆவி பக்கவாட்டில் ஒழுகிக்கொண்டிருந்தது.
கரண்டியும் கையுமாக
அப்படியே நின்றேன்.
இந்த உயரத்தில் தண்ணீர் எண்பத்தெட்டிலேயே கொதிக்கும்,
மூடி அமுக்கிப் பிடித்தால் ஒழிய.
இன்ஜினுக்குக் காய்ச்சல் இல்லை;
மூடிக்குத்தான் பலம் இல்லை.

டார்ச்சோடு போய்க் கழற்றினோம்.
ஸ்பிரிங் கட்டைவிரலுக்கே வளைந்தது.
ரப்பர் வளையம் காய்ந்த ஆரஞ்சுத் தோல்.
வேறு ஏதோ வண்டியின் மூடி.
புதுசு முப்பத்தைந்து பொலிவியானோ.
பழைய கூலன்ட்டைப் பேசினில் பிடித்து
உயரே வைத்தோம்.
இனிக்கும், லாமா நக்கினால் செத்துவிடும்.

பிறகு டீசல் குழாயில்
கண்ணாடி போன்ற ஒரு துண்டை இடையில் செருகி
விடியலில் குனிந்து பார்த்தோம்.
குமிழ்.
இன்னொரு குமிழ், சாவகாசமாக.
அதன் வழியே பின்னோக்கித் தடவிப் போனால்
ஸ்டியரிங்கை மாற்றியபோது ஒதுக்கிக் கட்டிய இடத்தில்
சட்டத்தில் உரசி உரசி
நகக்கீறல் அளவு வெடிப்பு.
ஒரு சாண் ஹோஸ், இரண்டு கிளிப்.

மறுநாள் பத்து எண்ணுவதற்குள்
வெள்ளையாக ஒரு புகை, உடனே உறுமல்.
ப்ரிமிதீவா முதல் சொட்டுச் சாராயத்தை
மண்ணுக்கு ஊற்றினாள்,
அடுத்ததை நாலு டயருக்கும்,
மூடிக்குத் தனியாக ஒன்று.

சாயாபாத்தா சந்தையில் எலோய் கேட்டான்:
"எப்படி ஓடுகிறது?"
மீதிப் பணம் இன்னும் பாக்கி.
நான் வாயெடுக்கும் முன்
அவள் தொப்பியைக் கழற்றி, பெருமூச்சு விட்டு,
"காலையில் கெஞ்சுகிறோம் அண்ணா," என்றாள்,
"மதியம் நிறுத்துகிறோம்.
ஒருரோவில் கேட்டால்
மூவாயிரம் ஆகுமாம்."