சாய்ந்த அளவு

காரங்காட்டுக் கழிமுகம் தாண்டி
அலையாத்திக் காடு ஒரு பச்சைக் கோடாக ஒடுங்கியபோது
ராயப்பு பிடியைக் குறைத்தார்.
என்ஜின் குறையவில்லை.
இன்னும் குறைத்தார்.
ஏறியது.

வத்தையின் பலகைகள் ஆணிக்கு ஆணி நடுங்கின.
பின்னால் வெள்ளைப் புகை
சுண்ணாம்புக் காளவாய் ஒன்று எங்களோடு கடலுக்கு வந்தது மாதிரி.
"சீனி, என்னடா பண்ணி வச்சிருக்க?"

டீசல் குழாயை அடைத்தேன்.
பத்து எண்ணினேன்.
குழாயையே பிடுங்கினேன், முழங்கை வரை டீசல்.
அதற்கு இனி டீசல் தேவையில்லை போலிருந்தது.
போன மாதமே முறிந்த நிறுத்து நெம்பைக்
கட்டுக்கம்பியால் சுற்றி வைத்திருந்தார்கள்,
தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

மூச்சை அடைக்க வேண்டும். வேறு வழியில்லை.
காற்று வடிகட்டியைக் கழற்றி எறிந்தேன்.
டீ டம்ளர் அகலத்தில் ஒரு வாய்,
உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிற வாய்.
உள்ளங்கையைக் கொண்டுபோனேன்.
வைக்கவில்லை.
தொண்டியில் அப்படி வைத்தவன் ஒருவன்
இன்றைக்கும் இடது கையால்தான் கடலை உரிக்கிறான்.

ஈரச் சாக்கு:
நூல் நூலாகத் தின்றது.
இரை வெட்டும் பலகை:
வளைந்த பலகை, ஓரத்தில் காற்று சீழ்க்கையடித்தது,
மீன் செதிலெல்லாம் என் முகத்தில்.
தூரப் போங்க என்று கத்தினேன்.
எங்கே போவது, இருபத்திரண்டு அடி மரத்தில்?

மிக்கேல் அதுவரை தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான்.
அன்று காலையிலிருந்து அவன் பேசியதாக நினைவில்லை.
கவளியை வைத்தான்.
வலது காலைத் தூக்கினான்.
தேய்ந்து வழவழத்த ரப்பர் செருப்பைக் கழற்றி
அடிப்பாகத்தால் அந்த வாயை மூடினான்.
கப்பென்று பிடித்தது.
மூன்று விக்கல்.
நாலாவது வரவில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றோமோ.
காதுக்குள் மட்டும் அது ஓடிக்கொண்டிருந்தது.
பிறகு மரத்தில் தண்ணீர் தட்டுவது கேட்டது,
அதற்கும் பிறகு ராயப்புவின் பல்.

சூடு ஆறட்டும் என்று காத்திருந்து எண்ணெய்க் குச்சியை உருவினேன்.
மேல்கோட்டுக்கு மேலே இரண்டு விரல்.
துடைத்து மறுபடி விட்டேன்.
இரண்டு விரல்.

விடியற்காலம், வற்றுக்கடல்.
சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருந்தது வத்தை.
குச்சி காய்ந்து வந்தது.
ஒரு லிட்டர் ஊற்றினேன், பீடி வாயில் இருக்க.
சாய்ந்து கிடந்ததை அளந்து
குறைகிறது என்று தீர்ப்புச் சொன்னவன் நான்.
வத்தை நிமிர்ந்ததும் மிகுந்தது எல்லாம் ஆவியாகி
மூச்சுக்குழாயில் ஏறி நெருப்புக்குப் போயிருக்கிறது.
திருடாமல் கொள்ளாமல்
நான் கொடுத்ததைத்தான் அது எரித்தது.

வாடைக்கொண்டல் பக்கவாட்டில் விழுந்தது.
பாயை அவிழ்த்தார்கள்.
என்னை எதிர்ப்பக்கப் பலகை நுனியில் உட்காரச் சொன்னார்கள்,
ஆலோசனைக்காக அல்ல, எடைக்காக.
பின்புறம் நனைய உட்கார்ந்திருந்தேன்.
அன்று முதல்முறையாக
என்னால் அந்த வத்தை சாயாமல் போனது.

கரை தெரிந்தபோது சொன்னேன்.
காலையில் நடந்தது, குச்சி, சேறு, லிட்டர், பீடியையும் சேர்த்து.
ராயப்பு சுக்கானிலிருந்து திரும்பவில்லை.
கோயில் கோபுரத்தைப் பார்த்தபடியே
"அப்ப அந்த லிட்டருக்குக் காசு கிடையாது" என்றார்.
அவ்வளவுதான்.
திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

இறங்கும்போது மிக்கேலின் செருப்பைப் பிய்த்தெடுத்தேன்.
நடுவில் ஒரு வட்டம், கறுப்பாக, துல்லியமாக,
அரசாங்க முத்திரை மாதிரி.
புதுசு வாங்கித் தருகிறேன் என்றேன்.
அவன் அதை வாங்கி மணலில் போட்டு
கால் நுழைத்துப் பார்த்தான்.
"நல்லாத்தான் இருக்கு" என்றான்.
நடந்து போனான்,
வலது கால் தடத்தில் மட்டும் ஒரு வளையம்.