முப்பத்தொரு கோடியாவது துடிப்பு

கிளேட்டனில், டைல்ஸ் கடைக்குப் பின்னே,
ஜன்னல் இல்லாத அறையில்
பன்னிரண்டு ரப்பர்ப் பெருந்தமனிகள்
வரிசையாய்த் துடிக்கின்றன,
நொடிக்கு முப்பது முறை.
உள்ளே ஓடுவது உப்புத் தண்ணீர்,
உடல் சூட்டில்.

ஒவ்வொன்றின்மேலும் நான் வரைந்த கம்பிச் சட்டை.
ஊசியைவிட மெல்லிய கம்பி,
அலை அலையாய் வளைத்துச் சுற்றிப் பூட்டியது.
பத்து ஆண்டுகளை ஐந்து மாதத்தில்
கறந்துவிடும் இந்த எந்திரத்துக்கு
வட்டிக்கடை என்று பெயர் வைத்தேன்.
துய்க்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது,
சொல்லத்தான் வரவில்லை.

மருந்துக் கடையில் கை நீட்டினால்
இரண்டு எண் சொல்வார்கள்,
மேலே இத்தனை, கீழே இத்தனை.
என் வேலை அந்த இரண்டுக்கும் நடுவில்.

இதயம் ஒரு கை இரத்தத்தை எறிகிறது.
பெருந்தமனி அதில் பாதியை
மடியில் வாங்கிக்கொள்கிறது.
இதயம் மூச்சு வாங்கும் நேரத்தில்
கொஞ்சம் கொஞ்சமாய் விடுகிறது.
துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே
நாம் பிழைத்துக் கிடப்பது அந்த மடியில்.

மடிக்கான நூல்
சின்ன வயதோடு சரி.
பிறகு உடல் நெய்து தருவதில்லை,
இருப்பதை வைத்து ஓட்டு என்று விட்டுவிடும்.
ஐம்பதில் இழை அறும்.
அறுபதில் சுண்ணாம்பு ஏறும்.
மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும்,
மாத்திரை மூன்றாகும், நான்காகும்.

என் சட்டை செய்வது சின்னக் காரியம்.
ஓய்வில் குழாயை லேசாக நசுக்கிப் பிடிக்கும்.
அலை வந்தால் வட்டமாக விட்டுக்கொடுக்கும்.
போனதும் மறுபடி பிடிக்கும்.
விட்டுக்கொடுத்துப் போ, விட்டுக்கொடுத்துப் போ
என்று கேட்டே வளர்ந்தவள் நான்.
எவ்வளவு என்று அப்போது யாரும் சொல்லவில்லை.
ஒன்று புள்ளி எட்டு மில்லிமீட்டர்.

செவ்வாய் இரவு துய் அழைத்தாள்.
ஏழாம் குழாய் சுருதி மாறிவிட்டது என்றாள்.
திரையில் ஒன்றும் இல்லை,
கோடுகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.
அவள் காதை நம்பி நிறுத்தினோம்.

நுண்ணோக்கியில், மூன்றாம் அலையின் முகட்டில்
ஒரு முறிவு.
முறிந்த முகத்தில் வரி வரியாய்,
கடல் பின்வாங்கிய மணல்.
எண்ணியில் முப்பத்தொரு கோடியே இருபது லட்சம்.

அப்படியென்றால் எட்டு ஆண்டு, மூன்று மாதம்.
அறுபத்திரண்டு வயதில் இதைப் போட்டுக்கொண்டவர்
எழுபதில் ஒரு காலை
பல் துலக்கிக்கொண்டிருப்பார்.
கொப்பளிக்கக் குனிவார்.
அந்த ஆள் இன்னும் எங்கும் இல்லை.
எனக்கு அவரைத் தெரியும்,
மூக்குக் கண்ணாடியை எங்கே கழற்றி வைப்பார்,
துவாலை என்ன பச்சை என்று.

கூட்டத்தில் லாக்லன் கேட்டான்,
பன்னிரண்டில் ஒன்றுதானே?
நல்லவன். எங்கள் சம்பளத்துக்காக
மூன்று நகரங்களில் கை நீட்டி வந்தவன்.
ஓம், பன்னிரண்டில் ஒன்று என்றேன்.
கம்பித் துண்டை மேசையில் வைத்தேன்.
காபி ஆறும்வரை
யாரும் அதைத் தொடவில்லை.

மற்றப் பதினொன்றையும் நிறுத்தினோம்.
அந்த அறையின் மௌனம்
எனக்குப் புதிது. துய்
சுவரில் காதை வைத்துப் பார்த்தாள்.

வளைவின் ஆரத்தை ஒரு மயிரிழை கூட்டினேன்.
மயிரிழை கூட்டினால் தடிமன் இடிக்கிறது,
தடிமன் குறைத்தால் பிடி தளர்கிறது.
மார்ச் வரை இதுதான்.

சனிக்கிழமை வெரிபிக்குப் போனேன்,
யாரும் கூப்பிடாமல்.
பதினேழாம் எண் ஆடு
பழைய சட்டையோடு பதினான்கு மாதமாய் மேய்கிறது.
ஐந்து கோடியைத் தாண்டியிருக்கும்.
ஆகஸ்டில் அதைத் திறந்து பார்ப்போம்,
அந்தச் சொல்லைத்தான் படிவத்திலும் எழுதுகிறோம்.

தாடைக்குக் கீழே இரண்டு விரல் வைத்தேன்.
கம்பளிக்குள் சூடு. அப்புறம் அது.
எண்ணத் தொடங்கினேன்,
பதினெட்டோ பத்தொன்பதோ,
அதற்குள் தலையை உதறிவிட்டுப்
புல்லுக்குப் போய்விட்டது.