குறுக்குப் பாரம்

கூத்தாநல்லூர் ஹாஜா மைதீன் வீட்டு ஷெட்டில்
பதினோரு வருஷம் தார்ப்பாய்க்குள் கிடந்தது.
இரண்டு பேர் உட்காரலாம், கூரை கிடையாது.
"ஏம்மா, இதுல நெல்லு ஏத்த முடியாதே" என்றார்.
ஏற்றப்போவதில்லை என்றேன்.
விலையைப் பாதியாக்கி
எலிகளையும் சேர்த்துக் கொடுத்தார்.

உடம்பு முழுக்க ஃபைபர்.
இடது கதவுக்குக் கீழே முழ நீளத்துக்கு விரிசல்.
எங்கள் ஊர் டிங்கர்கள் தகரம் தட்டிப் பழகியவர்கள்,
தொடவே பயந்தார்கள்.
அக்கரைப்பேட்டையில் படகு ஒட்டும் சிங்காரவேலு
குனிந்து விரலால் சுண்டிப் பார்த்தார்.
"அணியம் எது, அமரம் எது?"
காட்டினேன்.
ரெசின் நெடியில் மத்தியானம் முழுக்க நின்றேன்.
என் காரில் இப்போது ஒட்டுப்போட்ட ஒரு துண்டு
படகு நீலம்.
நிறம் மாற்றவில்லை.

ஸ்டெப்னி போனது. ரேடியோ போனது.
கார்ப்பெட்டுக்கு அடியில் இரண்டு கிலோ எலிப்புழுக்கை.
மிகையில்லை,
ரைஸ்மில்லில் எடை போடுவதுதான் என் வேலை.
ஹாரனைக் கழற்ற மட்டும் பக்கிரிசாமி ஒப்பவில்லை.
அறுவடை மிஷின் மெக்கானிக்,
நீடாமங்கலம் ரோட்டை அறிந்தவர்.
"ஒன்றரைக் கிலோ" என்றேன்.
"இருக்கட்டும்" என்றார்.

சித்திரையில் மில் களம் காலி.
நாலு மின்தராசுகளைச் சமமாக வைத்து
நாலு சக்கரங்களை ஏற்றினோம்.
ஓட்டுநர் இருக்கையில் எனக்குப் பதிலாக
ஐம்பத்தெட்டு கிலோ வெள்ளைப்பொன்னி,
பெல்ட் மாட்டி.

முன்வலது 229, முன்இடது 183.
பின்வலது 128, பின்இடது 146.
குறுக்கே கூட்டினால் ஒரு பக்கம் 375, மறுபக்கம் 311.
அறுபத்துநாலு கிலோ ஓரவஞ்சனை.
இடப்பக்கம் ஒழுங்காகத் திரும்புகிற வண்டி
வலப்பக்கம் ஏன் முரண்டு பிடித்தது என்று
அப்போதுதான் புரிந்தது.

ஸ்பிரிங் வளையத்தில் அரைத் திருகு.
இறங்கிப் பார், ஆட்டிவிடு, மறுபடி ஏற்று.
ஒரு மூலையைத் தொட்டால்
நாலு தராசும் பேசும்.
ராத்திரி மூன்று மணிக்கு
214, 198, 143, 131.
குறுக்கே நாலு கிலோதான் வித்தியாசம்.
"கழிவுன்னு வச்சுக்க" என்று சிரித்தார் பக்கிரிசாமி.
மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு எழுதுகிறவள் நான்.
அன்று ராத்திரி மட்டும்
ஒரு கிராம்கூடப் பொய் எழுதவில்லை.

உமி அடைத்த உரச்சாக்குகளை நிறுத்தி
ஒரு மாதம் வளைந்து வளைந்து ஓட்டினேன்.
களத்து சிமென்ட்டில் டயர் எழுதிய கறுப்பைப் பார்த்து
முதலாளி
மில்லில் பேய் உலாவுகிறது என்று நினைத்தாராம்.

தஞ்சாவூருக்கு வெளியே ஒரு கல்லூரி மைதானம்.
பத்தொன்பது கார்கள், ஆரஞ்சுக் கூம்புகள்,
கருவேல மர நிழலில் நேரம் குறிக்கும் மேசை.
முதல் ஓட்டம் 64.3.
இரண்டாவதில் வண்டி
நான் நினைப்பதற்கு முன்பே திரும்பிற்று.
61.8.
கடைசி வளைவில் ஏதோ உரசிய சத்தம்.

"தையல்நாயகி. ஒரு கூம்பு. இரண்டு வினாடி கூடுதல்."

ஓடிப்போனேன்.
கூம்பு விழவில்லை, நகர்ந்திருந்தது.
சுண்ணாம்பு வட்டத்துக்குள் பாதி, வெளியே பாதி.
"சார், ஒரு வினாடியாவது குறைச்சுக்குங்க."
சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது
அது யாருடைய வாக்கியம் என்று.
தலையில் துண்டோடு, மூட்டைக்குப் பக்கத்தில்,
தை மாதம் முழுக்கக் கேட்ட வாக்கியம்.

அவர் நிமிரவில்லை.
"அடுத்த வண்டி" என்றார்.
அந்தக் குரலும் எனக்குத் தெரியும்.

ஒன்பதாவது இடம்.
படகு நீலத்தின் மேல் விரல் அகலத்துக்கு ஆரஞ்சு,
ஒட்டு விடவில்லை.
நீடாமங்கலம் தாண்டி, இருட்டும் நேரம்,
ரோட்டை அடைத்துக்கொண்டு வாத்து மந்தை.
பக்கிரிசாமி என் பக்கம் திரும்பவேயில்லை.
ஹாரனை அழுத்தினேன்.
ஒன்றரைக் கிலோவும்
கழிவு போகாமல் கத்தியது.