ஈரப் பதிவேடு

திறந்து நாற்பத்தொன்பது நாள்.
கல்வெட்டில் பொன்னெழுத்துக்குக் கீழே
பச்சையாய் ஒரு மீசை.
துடைத்தால் மறுநாள் வந்துவிடுகிறது.
இருபது வயதில் எனக்கே
அவ்வளவு வேகமாக முளைத்ததில்லை.

கிருஷ்ணகிரி கீழ்த்தளப் பேருந்து நிலையம்.
இரவுப் பணி, பம்பு இயக்குபவர்,
திம்மராயன், பதினொரு மாத ஒப்பந்தம்.
மணிக்கொரு முறை எழுத வேண்டியது:
சம்ப் மட்டம், மோட்டார் ஓடிய நிமிடம், குறிப்பு.
குறிப்புக்கு விட்ட கட்டம்
ஒரு தீப்பெட்டி அளவுதான்.

முதல் வாரம், குப்பம் வண்டி நிற்கும் ஏழாம் தடத்தில்
ஒரு சொட்டு.
எவரோ தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்திருப்பார் என்று எழுதினேன்.
இரண்டாம் வாரமும்
அந்த எவரோ கவிழ்த்துக்கொண்டே இருந்தார்.
இப்போது லிஃப்ட் குழியில் முழங்கால் ஆழம்.
கதவைத் திறக்காமலே லிஃப்ட்
'மேலே செல்கிறது, மேலே செல்கிறது' என்கிறது
பெண் குரலில், இரவெல்லாம், எனக்கு மட்டும்.
'வழுக்கும்' என்ற மஞ்சள் பலகை
எடுத்து வைப்பாரில்லாமல் நின்ற இடத்தில்
நான்கு கால் தடத்தில் துரு.

நாமக்கல் ஒப்பந்ததாரர்
செருப்பைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தார்.
"கசிவு இல்லப்பா. செவுரு வியர்க்குது.
வெளிய வெயிலு, உள்ள குளிர்ச்சி. சயின்ஸ்."
எழுதினேன்: சுவருக்கு வியர்க்கிறது.
வேலை செய்யாமல் இங்கே வியர்ப்பது
அது ஒன்றுதான், இதை எழுதவில்லை.
கட்டம் போதவில்லை.

உதவிப் பொறியாளர் தில்ஷாத்
தரைக்கு இருபத்திரண்டு அடி கீழே
குடை விரித்து நடந்து வந்தார்.
ஓட்டின் இடுக்கில் பூத்த உப்பைச் சுரண்டினார்.
மோந்தார். சாக்கடை இல்லை.
குளோரின் வாடையும் இல்லை,
ஆகவே ஒகேனக்கல் குழாயும் இல்லை.
நான் தடுப்பதற்குள்
விரலை நாக்கு நுனியில் வைத்துவிட்டார்.
"எங்க வீட்டு போர் தண்ணி இது" என்று சிரித்தார்,
சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டு.

விரலிடுக்கில் பார்த்தேன், பற்களில் பழுப்பு வரி.
எனக்கும் அதே வரி, அதே இடத்தில்.
ஒரே பாறையைக் குடித்து வளர்ந்திருக்கிறோம்.

அந்தப் பாறையைத்தான் வெடிவைத்துப் பிளந்து
எங்களுக்கு நிலையம் கட்டினார்கள்.
பழையபேட்டையில் என் தெருவில்
ஆயிரத்து இருநூறு அடி இறக்கினார்கள்,
மாவு மாதிரி புழுதி வந்தது.
குழாய் ஒன்பது நாளைக்கு ஒரு முறை.
இங்கே நில் என்றாலும் நிற்கவில்லை.

நான் இறைப்பது ஆட்டோ ஸ்டாண்டின் பின்னால் போய் விழுகிறது.
அங்கே வரிசையில் குடங்கள்,
ஒரு பெயின்ட் வாளி, ஒரு குக்கர்.
'குடிக்கக் கூடாது' என்று சுவரில் எழுதி வைத்தேன்.
அதன்மேல் சாலம்மா துணி காயப்போடுகிறாள்.

சென்னையிலிருந்து வந்தவர்கள் சுவரில் ஓட்டை போட்டு
தேன் நிறத்தில் எதையோ ஏற்றினார்கள்.
இரண்டு நாள் சுவர் காய்ந்தது.
மோட்டார் சும்மா கிடந்தது, எனக்குத் தூக்கம் வந்தது.
இரண்டாம் இரவு சாலம்மா படியிறங்கி வந்து கேட்டாள்:
"ஏம்ப்பா, ரிப்பேரா?"
இத்தனை நாளில் புகார் சொல்ல வந்த ஒரே ஆள்.
இல்லை, சரியாகிவிட்டது என்றேன்.
காலிக் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு
சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள்
நேரக் காப்பாளர் அறையில், நாற்காலிக்கு அடியில்
வந்துவிட்டது.

மூன்று மணி பத்து.
மட்டம் இரண்டடி நாலு அங்குலம்.
ஓடியது பதினெட்டு நிமிடம்.
குறிப்பு
என்று பேனாவை வைத்தால் தாள் ஊறிப்போயிருக்கிறது.
எழுத்து பரவி, கட்டம் நிறைய நீலக் கறை.

காலையில் அதைப் படித்துப் பார்த்து
கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்
தில்ஷாத்.