படுக்கை, அடுப்பு, கழிப்பறை

அக்டோபர் பதினைந்து கடைசி நாள்.
கெடு நீட்டிப்பு வாங்கிய அமெரிக்கப் பணக்காரர்கள்
இந்த வாரம்தான் விழித்துக்கொள்வார்கள்.
லாஸ்பேட்டையில், மருந்துக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில்
பதினெட்டுப் பேர் நாங்கள்
அவர்களுக்காக விழித்திருக்கிறோம்.

உள்ளே பேனா கொண்டுபோகக் கூடாது.
செல்போன் கூடாது, கைப்பை கூடாது.
துப்பட்டாவை உதறிக் காட்டிவிட்டுப் போகவேண்டும்.
ஒருவருடைய வருமானத்தை
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்துவிடுவோமாம்.
உள்ளங்கை போதாது என்று
காவலாளிக்கு யாரும் சொல்லவில்லை.

இன்றைய கோப்பு கனெக்டிகட்.
ஐம்பத்தேழு வயது, இரண்டாம் மனைவி, மூன்று டிரஸ்ட்,
ஓர் உல்லாசப் படகு.
படகில் படுக்கை, அடுப்பு, கழிப்பறை
மூன்றும் இருந்தால் அது இரண்டாவது வீடு.
கடன் வட்டியை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்.
சட்டம்தான். கட்டத்தை நிரப்பினேன்.

சிங்காரத்தோப்பில் என் தம்பி சிவநேசன் ஏறும் விசைப்படகில்
ஐந்து நாள் தங்கல்.
படுக்கை உண்டு, வலைமேல்.
அடுப்பு உண்டு, பாதி டிரம்மை வெட்டினது.
மற்றதற்குக் கடல்.
ஒன்று குறைகிறது,
அதனால் வீடாகவில்லை.

பன்னிரண்டரைக்கு டீ.
சத்தம் குறைத்துவைத்த டிவியில் அங்கே மத்தியானம்.
மூடிப்போன இரும்பு ஆலை வாசலில்
சட்டைக்கையை மடித்துவிட்டு நிற்கிறார் வேட்பாளர்.
கோடீசுவரன் தன் பங்கைக் கட்டட்டும் என்கிறார்.
பஸ் ஓட்டுகிறவனைவிட, நர்ஸைவிட
அவனுக்குக் குறைந்த வரி, எப்படி என்கிறார்.
எப்படி என்று எனக்குத் தெரியும்.
எட்டாவது பக்கத்தில் இருக்கிறது.

ரஹ்மத்துன்னிசா டம்ளரை வைத்துவிட்டுக் கைதட்டினாள்.
எனக்கும் கை எழுந்தது.
அடுத்த மூச்சில் அவர் சொன்னார்:
கடல் தாண்டிப் போன வேலை ஒவ்வொன்றையும்
திருப்பிக் கொண்டுவருவேன்.
ஆலை வாசல் அதிர்ந்தது.
தட்டப் போன கையைக்
கொசு அடித்ததுபோல முடித்துவைத்தேன்.

கூட்டத்தில் ஒருத்தி, மூக்குக்கண்ணாடி, நரைத்த குட்டை முடி,
அழுதபடி கத்திக்கொண்டிருந்தாள்.
முன்பு இதே கட்டங்களை நிரப்பியவளாக இருக்கலாம்.
அவளுக்கும் ஒரு தம்பி இருக்கலாம்.

அந்துவான் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே சொன்னான்
(சொல்தா வீட்டுப் பிள்ளை,
பிரான்ஸ் ஜனாதிபதிக்கு இங்கிருந்தே ஓட்டுப் போடுகிறவன்):
"எங்க எலெக்‌ஷன்லயும் இதே பேச்சுதான்க்கா.
வரி ஏத்துவேம்பாங்க. ஏத்துனா நமக்கு ஓவர்டைம்.
புதுசா வேலி போட்டா
புதுசா சந்து கண்டுபிடிக்க ஆள் வேணும்ல."
யாரும் சிரிக்கவில்லை. பிஸ்கட் உடைந்து டீயில் விழுந்தது.

நாலரைக்கு விட்டார்கள். மழை பிடித்துக்கொண்டது.
அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில்.
முள்ளோடையில், எல்லைக்கு இந்தப் பக்கத்து விலைக்கு
டேங்கை நிரப்பிக்கொள்ளும் பைக்குகள்.
பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி ஆல்பேட்டைச் சாவடி.
டார்ச் அடித்துப் பைகளைத் துழாவினார்கள்.
முன்சீட்டில் சிமெண்டுக் கறை வேட்டிக்காரர்.
அவர் டிபன் கேரியரில், ரசம் இருக்கவேண்டிய அடுக்கில்
இரண்டு குவார்ட்டர்.
அந்தப் பக்கத்து வரி கட்டியது,
இந்தப் பக்கத்து வரி கட்டாதது.
இறக்கி, மூடியைத் திருகி
அவர் கையாலேயே கொட்டச் சொன்னார்கள்.
"ரெண்டுதானே சார்."
மழையில் அது எங்கே போனதென்று தெரியவில்லை.

பெண் போலீஸ் என் பையையும் பார்த்தார்.
சீப்பு, காலி டப்பா, நனைந்த குடை.
"போம்மா."
எட்டாவது பக்கம் முழுக்க
எனக்கு மனப்பாடமாக இருந்தது.

மஞ்சக்குப்பத்தில் இறங்கித் தம்பிக்குப் போன் போட்டேன்.
கரைக்கு வந்துவிட்டானாம். நல்ல பாடில்லையாம்.
"போட்ல கக்கூஸ் கட்ட எவ்ளோடா ஆவும்?"
கொஞ்சநேரம் அந்தப் பக்கம் ஐஸ் கொட்டும் சத்தம்.
"ராவெல்லாம் தூங்கல நீ,"
என்றான். "போய்ப் படுக்கா."