பதினெட்டாம் வளைவில் நிற்கும் பஸ்

நகைக்கடைக் காலண்டரின் பின்பக்கத்தில்
ஏற்காட்டுப் பாதையை வரைந்தேன்.
இருபது கொண்டை ஊசி வளைவு,
ஒவ்வொன்றுக்கும் ஒரு மஞ்சள் பலகை, கறுப்பில் எண்.
அடியில் அஸ்தம்பட்டி, எங்கள் வீடு.
உச்சியில் ஏரி, ஏரியில் வாத்துப் படகு.
வாத்து சரியாக வரவில்லை,
கழுத்து ஒட்டகத்துக்குப் போய்விட்டது.
தீப்பெட்டி அட்டையில் வெட்டிய பஸ்ஸுக்கு
முதுகில் ஒரு காந்தம்.
பிரிட்ஜ் கதவில் ஓடும்.

விதி மூன்று.
சொல்லாமல் பல் தேய்க்கணும்.
செல்போன் இல்லாமல் சாப்பிடணும்.
தங்கச்சியைக் கடிக்கக் கூடாது.
மூன்றும் நடந்த நாளில் பஸ் ஒரு வளைவு ஏறும்,
பாம் பாம் என்று ஹாரன் அடிப்பது என் வாய்.
இருபதும் ஏறினால்
நிஜ ஏற்காடு, நிஜப் படகு.

"இது லஞ்சம் இல்லையா?" என்றார் கதிர்வேல்.
பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்,
அந்தச் சொல்லைக் கொஞ்சம் தணிந்த குரலில்தான் சொன்னார்.
"செய்யக் கூடாததைச் செய்யக் கொடுத்தால் லஞ்சம்" என்றேன்.
இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

ஐந்தாம் நாள் தங்கச்சி தோளில் பல் அச்சு.
வந்த கோபத்தில் பஸ்ஸை
இரண்டு வளைவு கீழே இழுத்தேன்.
யுகி அழவில்லை. பதறினான்.
"மலையில பஸ் ரிவர்ஸ்ல வராதும்மா, விழுந்துரும்.
உள்ள ஆளுங்க இருக்காங்க."
உள்ளே ஆள் இருப்பது
எனக்கு அதுவரை தெரியாது.
திரும்ப நான்கிலேயே வைத்தேன்.
நான்காவது விதி அவன் போட்டது:
நிக்கலாம். இறங்கக் கூடாது.

ஆறு. ஏழு. எட்டு.
பத்தாம் வளைவில் அவனே ஒரு டீக்கடை வரைந்தான்,
பதினொன்றில் குரங்கு.
ஒருநாள் தண்ணீர் குடித்துவிட்டுக்
காலி டம்ளரை நீட்டி
"இதுக்கு எத்தனை வளைவு?" என்றான்.
நான் கதிர்வேல் பக்கம் திரும்பவே இல்லை.

பதினெட்டு.
அங்கே பஸ் நின்றது.
மூன்று நாள் பிரஷ் நனையவில்லை.
நான்காம் நாள் தட்டைத் தள்ளிவிட்டான்.
ஐந்தாம் நாள்
என் முகத்தைப் பார்த்துக்கொண்டே
தங்கச்சியின் கையை எடுத்து, நிதானமாக,
வலிக்காதபடி கடித்தான்.
அவள் சிரித்தாள்.
கடித்ததாகக் கணக்கில் வந்தால் போதும் அவனுக்கு.

அன்று இரவு கரண்ட் போயிருந்தது.
இருட்டில்தான் சொன்னான்:
"மேல போனா வாந்தி வரும்மா."

போன மே மாதம், கோடை விழாக் கூட்டத்தில்,
ஒன்பதாம் வளைவில் என் மடியில் எடுத்தான்.
பச்சைப் புடவை. இரண்டாம் முறைதான் கட்டியிருந்தேன்.
நான் புடவையை நினைவில் வைத்திருந்தேன்.
அவன், கண்டக்டர் பார்த்த பார்வையை.

"அப்புறம் ஏன்டா இவ்வளவு தூரம் ஏறின?"

"நீ ஹாரன் அடிப்ப இல்ல."

விசிறி நின்ற அறையில் கணக்குப் பார்த்தேன்.
படகு வேண்டும் என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை.
கல்யாணமான புதிதில்
டிக்கெட் வரிசை நீளம் என்று சொல்லி
ஏரிக்கரையோடு திருப்பி அழைத்துவரப்பட்டவள் ஒருத்தி,
அவள்தான் உச்சியில் வாத்து வரைந்தது.

ஞாயிற்றுக்கிழமை அடிவாரம் வரை டவுன் பஸ்.
வழியில் வாங்கிய தட்டுவடை செட்,
பீட்ரூட் துருவல் அவன் சட்டையெல்லாம்.
சாலை ஓரமாக நின்று
மேலே ஏறுகிற பஸ்களை எண்ணினான்.
ஒன்று விடாமல் கையாட்டினான்.
ஏழாவது பஸ்ஸில் ஜன்னலோரம் ஒரு பையன்
எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி
பதிலுக்குக் கையாட்டினான்.
யுகி என் கையை இறுக்கிப் பிடித்தான்,
வேறெதுவும் சொல்லவில்லை.

பிரிட்ஜில் பஸ் இன்னும் பதினெட்டில்தான்.
இன்று காலை வாயோரம் பேஸ்ட் நுரையோடு வந்து
சமையலறை வாசலில் நின்றான்.
நான் கேட்கவில்லை. அவன் சொல்லவில்லை.
பஸ்ஸைத் தொடாமல்
பாம் பாம் என்றேன்.

தங்கச்சி நேற்று அவனைக் கடித்தாள்.
ஆழமாக.
காலண்டரில் இன்னும் தாள் இருக்கிறது.